மட்கார்டில் ஒரு சாக்பீஸ் கோடு

கல்யாண மண்டபத்துக்குப் போனால் எல்லோரும் நேராகப் பந்திக்கோ மேடைக்கோ போவார்கள். அவர் முதலில் சைக்கிள் நிறுத்தியிருக்கும் பக்கம் போவார். வரிசையாக ஒவ்வொரு வண்டியின் பிரேக்கையும் ஒரு பிடி பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார். அம்பத்தூரில் ஒரு மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டு ஆள் ஒருவர் இவரைச் சைக்கிள் திருடன் என்றே முடிவுகட்டி, சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார். இவர் பதறவில்லை.

"காலர அப்பறம் புடிப்பா. மொதல்ல இந்த வண்டி யாருதுன்னு கேளு. பின் பிரேக்குல கட்டையே இல்ல. வெறும் இரும்பு ரிம்ம தேச்சிகினு கீது."

அது மாப்பிள்ளையின் தம்பி வண்டி. எங்கிருந்தோ இரண்டு பிரேக் கட்டை வாங்கிவந்து மாட்டிய பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தார். இலையில் சாம்பார் ஊற்றும்போது விரலெல்லாம் கறுப்பு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு மானம் போயிற்று.

அண்ணனூரில் எங்கள் எதிர்வீடு அவருடையது. தெருவில் எல்லோருக்கும் அவர் பிரேக் அண்ணன். அங்கேயே ரயில்வே கார் ஷெட்டில், மின்சார ரயில் பெட்டிகளுக்குப் பிரேக் பார்க்கிற பிரிவில் வேலை. வாரம் ஆறு நாள் ரயிலுக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு, ஏழாவது நாள் தெருப் பிள்ளைகளின் சைக்கிளைக் குனிந்து பார்ப்பார். நான் வீட்டிலேயே மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறவள். ஜன்னலோரம்தான் மெஷின். ஆகவே அவருடைய ஞாயிற்றுக்கிழமைகள் அத்தனையும் எனக்குத் தெரியும்.

அவர் அந்த ஞாயிற்றுக்கிழமை வேலையை நிறுத்தியதற்குக் காரணம் நான். யாரிடமும் சொல்லாமல் எட்டு வருஷம் அதை வயிற்றுக்குள் வைத்திருந்தேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அவர் எப்படி வேலை செய்வார் என்று தெரியாவிட்டால் நான் செய்ததன் கனம் தெரியாது.

காலைப் பூசை முடிந்து மாதா கோயிலிலிருந்து வருவார். வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு பனியனோடு வாசலுக்கு வருவார். அதற்குள் பத்துப் பன்னிரண்டு சைக்கிள் நிற்கும். முன் பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னால் தள்ளுவார். பின் சக்கரம் தரையை விட்டு எழும்ப வேண்டும். பின் பிரேக்கைப் பிடித்துத் தள்ளுவார். டயர் உருளாமல் தரையில் தேய வேண்டும். கல்யாணப் பத்திரிகை அட்டைகளை விரல் அகலத்துக்கு வெட்டி ஒரு டப்பாவில் வைத்திருப்பார். பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவில் அதை நுழைப்பார். உரசாமலும் தொளதொளக்காமலும் அட்டை போய்வந்தால் இடைவெளி சரி. தெருவில் யார் கல்யாணப் பத்திரிகை கொடுத்தாலும், முதலில் அட்டையை விரலால் நெருடிப் பார்ப்பார். "நல்ல கனமா கீதும்மா" என்பார். பெண் வீட்டார் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வார்கள்.

எல்லாம் சரியாக இருந்தால் பின் மட்கார்டில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவார். அது ஷெட்டு வழக்கம். பார்த்து முடித்த பெட்டியில் கோடு போடுவார்களாம். கோடு இருந்தால் போட்டவர் பொறுப்பு. அதற்குப் பிறகு யாராவது எதிலாவது கை வைத்தால், முதல் காரியமாக அந்தக் கோட்டை அழித்துவிட வேண்டும். அப்போதுதான் இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்று அடுத்தவனுக்குத் தெரியும். தெருப் பிள்ளைகளிடமும் அதே கண்டிப்பு.

"காத்து அடிச்சிக்கோ, சீட்டு ஏத்திக்கோ, நான் கேக்க மாட்டேன். பிரேக்குல கை வெச்சா மட்டும் கோட்ட அழிச்சிடணும். அழிச்சிட்டு என்னாண்ட வா. திட்ட மாட்டேன்."

திட்ட மாட்டேன் என்பதெல்லாம் பொய். என்னையே திட்டியிருக்கிறார். என் மகள் மலருக்குப் பதினொன்றாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தில் சைக்கிள் கொடுத்தார்கள். புது வண்டியின் பிரேக் கீச்சென்று கத்தியது. மெஷின் சத்தத்தை நாள் முழுக்கக் கேட்கிற காது எனக்கு, இன்னொரு சத்தம் தாங்காது. சமையலறையிலிருந்து தேங்காயெண்ணெய் எடுத்து வந்து ரிம் முழுக்கத் தடவிவிட்டேன். அந்த ஞாயிறு அவர் வண்டியைத் தொட்டார், விரலை முகர்ந்தார், என் ஜன்னலைப் பார்த்தார்.

"இன்னாம்மா, தலைக்குத் தேய்க்கிற எண்ணெய வண்டிக்குத் தேச்சிக்கீற?"

"கத்துதுண்ணே."

"கத்துற பிரேக்குதாம்மா புடிக்கிற பிரேக்கு. ஓட்றதுக்கு இன்னாம்மா, கழுதகூட ஓட்டும். நிக்கணுமே."

சோப்புத் தண்ணீரால் மூன்று தடவை கழுவி, உப்புத்தாளால் கட்டையைத் தேய்த்து, ஒரு மணி நேரம் ஆயிற்று. மலர் சிரித்துக்கொண்டே கோடு போடச் சாக்பீஸ் எடுத்துக் கொடுத்தாள். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. மலர் பிறந்தபோது ரீட்டா அக்கா, அதாவது அவர் மனைவி, வெந்நீர் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தவள். சொந்தம் என்று சொல்ல வேறு என்ன வேண்டும்?

அடுத்த வாரம் பின்தெருவில் ஒரு பையன் வேகமாகப் போகும்போது முன் பிரேக்கை மட்டும் அழுத்திப் பிடித்து, ஹேண்டிலைத் தாண்டிக் குப்புற விழுந்தான். முகவாயில் ஏழு தையல். தெருவில் தாய்மார்கள் எல்லோரும் ஒரே பேச்சு. முன் பிரேக் இருந்தால்தானே பிடிப்பார்கள், கழற்றிவிட்டால் தொல்லை விட்டது. நம் பக்கம் பாதி வீடுகளில் இது உண்டு. பிள்ளை சைக்கிள் பழகும்போதே முன் பிரேக்கைக் கழற்றிப் பரண்மேல் போட்டுவிடுவார்கள். நானும் பயந்தேன். பிரேக் அண்ணனிடம் கேட்டால் கழற்ற மாட்டார், ஒரு மணி நேரம் பாடம் எடுப்பார். அதனால் புதன்கிழமை மலரோடு வெள்ளானூர் பக்கம் ஒரு சைக்கிள் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நட்டைத் தளர்த்தினார், முன் பிரேக்கைக் கட்டையோடு கழற்றினார், காகிதத்தில் சுற்றி என் பையில் போட்டார்.

வீட்டுக்கு வந்து வண்டியை நிறுத்தும்போது மட்கார்டில் அந்தக் கோடு தெரிந்தது. அழிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். முந்தானை கையில்தான் இருந்தது. அழித்தால் ஞாயிற்றுக்கிழமை கேட்பார், அதற்குள் நாமே ஏதாவது சாக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். "அம்மா, கோடு" என்று மலர் சொன்னாள். "போய்ப் படி" என்றேன்.

வெள்ளிக்கிழமை காலையில் மழை. ரயில்வே மேம்பாலத்து இறக்கத்தில் மலர் இறங்கினாள். ஈரத்தில் பின் பிரேக் மட்டும் போதவில்லை. கீழே ஓரமாக நின்றிருந்த தண்ணீர் லாரியில் போய் மோதினாள். வலது கால் முழங்காலுக்குக் கீழே நொறுங்கிவிட்டது.

ஆஸ்பத்திரிக்குப் பிரேக் அண்ணன் ஓடிவந்தார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார், ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி இருந்தது. தெருக்காரர்கள் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். என் கணவருக்குப் பாடியில் ஒரு கம்பெனியில் ஷிப்டு, இன்னும் வந்து சேரவில்லை. "எப்டிம்மா, எப்டி ஆச்சு?" என்று அவர் கேட்டார். நான் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"நீங்க பாத்த பிரேக்குதானண்ணே அது? நீங்கதான கோடு போட்டீங்க?"

ஆத்திரத்தில் வந்த வார்த்தை, முன் பிரேக் கழற்றியதே அந்த நிமிஷம் எனக்கு நினைவில்லை என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிவந்தேன். பொய். நினைவிருந்தது. நினைவிருந்ததால்தான் அவ்வளவு சத்தமாகச் சொன்னேன்.

அவர் சுவரோரம் தரையில் உட்கார்ந்து உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் காயலான் கடை வண்டிக்காரர் தெருவில் வந்தார். நசுங்கிய சைக்கிளை அவரிடம் போட்டுவிட்டேன். பையில் சுற்றியிருந்த முன் பிரேக்கையும் சேர்த்தே போட்டேன். சாயங்காலம் பிரேக் அண்ணன் வந்து வாசலில் நின்றார். செருப்பைக் கழற்றவில்லை, உள்ளே வரவில்லை.

"அந்த வண்டிய ஒரு தபா பாத்துக்கட்டுமாம்மா? எத்த வுட்டேன்னு தெரிஞ்சிக்கணும்."

"அத பாக்கவே முடியலண்ணே. காயலாங்கடைக்குப் போட்டுட்டேன்."

"எந்தக் கடை?"

"தெரியல."

தலையாட்டிவிட்டுப் போனார். அதன் பிறகு ஒரு மாதத்துக்கு மேல், வேலை முடிந்ததும் ஆவடி ரோட்டில் இருக்கிற காயலான் கடைகளை ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருந்தார். இரும்புக் குவியலைக் கிளறி, லேடீஸ் சைக்கிளாகப் பார்த்து இழுத்துப் போட்டு, மட்கார்டைத் துடைத்துத் துடைத்துப் பார்ப்பாராம். ரீட்டா அக்கா என்னிடம் வந்து அழுவாள். "கையெல்லாம் கிழிச்சிகினு வராரும்மா. அன்னிக்குப் பூசை முடிய லேட்டாச்சுன்னு அவசரமா பாத்துட்டேனோ, அட்டைய வெச்சிப் பாத்தேனா இல்லியான்னு தானா பேசிக்கிறாரு." நான் அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். காபி மட்டும் போட்டுக் கொடுத்தேன்.

மலர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் கேட்டாள். "முன் பிரேக்கு கழட்டனத அவர்கிட்ட சொன்னியாம்மா?"

"நீ வாய வெச்சிகினு சும்மா இரு. உங்கப்பாவுக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னுடுவாரு."

அவள் சும்மா இருந்தாள். எலும்பு ஒட்டியது, ஆனால் கால் ஒன்றரை விரற்கடை குட்டையாகிப் போனது.

தெருவில் யாரும் அவரை எதுவும் சொல்லவில்லை. சைக்கிள் கொண்டுபோவதை மட்டும் நிறுத்திவிட்டார்கள். முதல் சில ஞாயிறுகளில் பழக்கத்தில் பனியனோடு வாசலுக்கு வந்து நின்றார். பிறகு வரவில்லை. கல்யாண மண்டபங்களில் சைக்கிள் வரிசையைத் தாண்டும்போது இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு போவார். நான் பார்த்திருக்கிறேன், ஒரு கை இன்னொரு கையை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும்.

இரண்டு வருஷம் இப்படிப் போயிற்று. மலர் கல்லூரிக்குப் பஸ்ஸில் போய்வர ஆரம்பித்தாள். அவள் ஏறுகிற நிறுத்தத்தில் அவர் தினமும் வந்து நிற்பாராம். பேச மாட்டாராம். அவள் படியேறி உட்கார்ந்து, பஸ் கிளம்பும்வரை பார்த்துவிட்டு ஷெட்டுக்குப் போவாராம்.

அந்த வருஷம்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்கு வரத் தொடங்கினார். பூசை முடிந்து பதினோரு மணி வாக்கில், ஒரு சட்டையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வருவார். "பட்டன் பூட்ச்சும்மா." மெஷினுக்கு எதிரில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவார். பட்டன் தைக்க இரண்டு நிமிஷம். அவர் அரை மணி நேரம் இருப்பார். மலர் காலைப் பற்றிக் கேட்பார், வெயிலைப் பற்றிச் சொல்வார், பிறகு பேச்சு நின்றுவிடும். சும்மா என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு உடம்பெல்லாம் கூசும். அடுப்பில் பால் என்பேன், குழாயில் தண்ணீர் வருகிறது என்பேன். மாதத்தில் இரண்டு ஞாயிறு தவறாது. இந்த மனுஷன் சட்டையைப் போட்டுக்கொள்கிறாரா, இல்லை சட்டையோடு சண்டை போடுகிறாரா என்று என் கணவரிடம் சிரித்திருக்கிறேன். பிரேக் அண்ணனுக்கென்றே வெள்ளைப் பட்டன் ஒரு டப்பா வாங்கி வைத்தேன்.

ஒரே ஒருமுறை சொல்ல வாயெடுத்தேன். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. மழை பெய்தால் எனக்கு அந்த வெள்ளிக்கிழமைதான்.

"அண்ணே, அந்தச் சைக்கிள்..."

அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். நாற்காலி நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தார். "சொல்லும்மா" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. ஊசியில் நூல் கோக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

"அந்தச் சைக்கிள் ஸ்டாண்டு, ஸ்டேஷனாண்ட இருந்துதே, மூடிட்டாங்களாமே?"

அவர் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். பிறகு டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டார். "ஆமாம்மா. மூடிட்டாங்க."

கடைசியாக அவர் வந்தது ஒரு முகூர்த்த மாதம். நான்கு ஜாக்கெட் அன்றைக்கே கொடுத்தாக வேண்டும். வாசலில் அவரைப் பார்த்ததும் எனக்கு எரிச்சல்.

"சட்டைய வெச்சிட்டுப் போங்கண்ணே. மலர்கிட்ட குடுத்தனுப்பறேன்."

"பரவால்லம்மா, நான் குந்திகினு இருக்கேன். நீ உன் வேலையப் பாரு."

"இன்னிக்கு வேணாண்ணே."

நாற்காலியைப் பார்த்தார். அதன்மேல் துணி குவித்திருந்தேன். சட்டையை அந்தத் துணிமேல் வைத்துவிட்டுப் போனார். செவ்வாய்க்கிழமை காலையில் மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அடக்கம் முடிந்து வந்து குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். மலர் இப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஆபீசில் வேலை பார்க்கிறாள். அழுது அழுது அவள் முகம் வீங்கியிருந்தது. சுவரைப் பார்த்தபடி சொன்னாள்.

"அவருக்குத் தெரியும்மா."

"இன்னா தெரியும்?"

"காலேஜ் போறப்ப பஸ் ஸ்டாப்புல வந்து நிப்பாரே. ஒரு நாள் என்னால தாங்க முடியல. சொல்லிட்டேன். முன் பிரேக்கு கழட்டனது, கோடு அழிக்காதது, எல்லாத்தையும். ரோட்டுலயே குந்திகினு அழுதாரு. நான் ஊட்டுக்கு வந்து உன்கிட்ட சொல்றேன்னேன். வேணாம்னு கையப் புடிச்சிகினாரு. 'நீ சொன்னதா தெரிய வேணாம். நானும் கேக்க மாட்டேன். ஒர்த்தருக்காக இன்னொர்த்தர் சாமியாராண்ட போயி பாவசங்கீர்த்தனம் பண்ண முடியாதும்மா. உங்கம்மா நல்லவங்க. அவங்களே வந்து சொல்லுவாங்க'ன்னாரு."

அவரால் அன்றைக்கே தெருவைக் கூட்டி என்னை நிறுத்தியிருக்க முடியும். தன் பெயரைத் திரும்ப வாங்கியிருக்க முடியும். ஞாயிற்றுக்கிழமைகளில் மறுபடி பனியனோடு வாசலில் நின்றிருக்க முடியும். ஆறு வருஷம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார், நான் நல்லவள் என்று நம்பிக்கொண்டு.

உடனே எதிர்வீட்டுக்கு ஓடியிருப்பேன் என்றுதான் நினைப்பீர்கள். ஓடவில்லை. அந்தச் சட்டைக்குப் பட்டன் தைத்தேன். மடித்து மெஷின் மேல் வைத்தேன். பத்து நாள், பதினோரு நாள், அதைப் பார்த்துக்கொண்டே ஜாக்கெட் தைத்தேன். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு, அவர் வருகிற நேரத்துக்கு, என் காது வாசலுக்குப் போயிற்று. செருப்புச் சத்தம் இல்லை. அதற்கு மேல் உட்கார முடியாமல் சட்டையை எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டினேன்.

ரீட்டா அக்கா கறுப்புப் புடவையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். சட்டையை வாங்கி மடியில் வைத்து, பட்டன்களை ஒவ்வொன்றாகத் தடவினாள்.

"இந்தச் சட்டையில பட்டனு வுழவே இல்லம்மா. ஒண்ணுலயும் வுழல. பிளேடு வெச்சி அவரேதான் அறுப்பாரு. பைத்தியமா புடிச்சிருக்குன்னு கேட்டேன். 'அந்தப் பொண்ணு ஒரு விஷயம் சொல்லும், அன்னிக்கு நான் எதிர்ல இருக்கணும். சும்மா போயி குந்துனா அதுக்குச் சங்கடமா இருக்கும்'னாரு. இன்னா விஷயம்னு எத்தினியோ தபா கேட்டுட்டேன். என்கிட்ட சொல்லவே இல்ல." அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இன்னாம்மா அது?"

சொன்னேன். அவள் காலடியில் தரையில் உட்கார்ந்து, புதன்கிழமை வெள்ளானூர் கடைக்குப் போனதிலிருந்து ஒன்று விடாமல் சொன்னேன். தெருவிலும் போய்ச் சொல்கிறேன் அக்கா, வீடு வீடாகப் போய்ச் சொல்கிறேன் என்றேன். என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றிருந்தது.

அவள் சட்டையை மேல் பட்டனிலிருந்து கடைசிப் பட்டன் வரை போட்டு, நீவி மடித்தாள். எதிரிலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டினாள்.

"பன்னெண்டு நாளும்மா. பன்னெண்டு நாளு முன்னாடி வந்திருந்தீன்னா, அவரு இதுலதான் குந்திகினு இருந்தாரு."